டெல்டாவில் வீடியோ எடுப்பவருக்கு: கேமரா செட்டிங், கம்ப்யூட்டர், எடிட்டிங், காப்புப் பிரதி

காவிரிக் கரையில் வீடியோ எடுக்க நினைப்பவருக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சுவாமிமலையில் வார்ப்பு, நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைவது, திருபுவனத்தில் பட்டுத் தறி, திருவாரூரில் ஆழித்தேர், நடவிலிருந்து அறுவடை வரைக்கும் வயல். சிக்கல் வருவது எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டை பட்டையாக ஓடும். பத்து நிமிடம் போனதும் உதடும் ஒலியும் பிரிந்துவிடும். எடிட்டிங் மென்பொருளில் ஷாட்களை அடுக்கும் டைம்லைன் திக்கித் திக்கி நகரும். உடனே "கம்ப்யூட்டர் பத்தவில்லை" என்று கடைக்கு ஓடுவார்கள். முதல் இரண்டுக்கும் கம்ப்யூட்டர் காரணமே இல்லை. மூன்றாவதிலும் பாதிப் பங்கு கேமரா எழுதிய கோப்புக்குத்தான். அதனால் கம்ப்யூட்டர் கடையை விட்டுவிட்டு, விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம், என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம்.

25 ஏன்?

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் அதற்கேற்ப விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடி திறந்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுச் சுற்றுகள் விழும். வெளிச்சம் சமமாக இருக்கும். 1/60 வைத்தால் சுற்று பாதியில் அறுபடும், பட்டை ஓடும். செல்போன்கள் வழக்கமாக 30 ஃபிரேமில் வருவது 60 சுற்று மின்சாரம் உள்ள நாடுகளின் பழக்கம். இங்கே பொருந்துவது விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. ஸ்லோ மோஷனுக்கு 50 ஃபிரேம், ஷட்டர் 1/100. 120 ஃபிரேம் எடுக்க ஆசை இருந்தால் வெயிலில் மட்டும் எடுங்கள். அந்த வேகத்துக்கு ஷட்டர் 1/120க்குக் கீழே இறங்காது, டியூப்லைட்டின் கீழ் மினுங்கியே தீரும். பந்தல் சீரியல் விளக்கும் எல்இடி திரையும் தனிக் கணக்கு. சிலவற்றில் மின்சாரச் சுற்றோடு சம்பந்தமே இல்லாத வேகத்தில் விளக்கு அணைந்து எரியும். விசேஷம் தொடங்குவதற்கு முன் அரை நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டு, பட்டை தெரிந்தால் ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, எது அடங்குகிறதோ அதில் நிறுத்துங்கள்.

ஐபோனில் கேமரா செட்டிங்கில், ரெக்கார்ட் வீடியோ பகுதியில், 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' (PAL) என்ற தேர்வை இயக்கினால் 25 வரும். ஆண்ட்ராய்டில் கூடவே வரும் கேமரா செயலியில் பெரும்பாலும் 25 இருக்காது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி உங்கள் போனில் ஓடினால் அதில் 25, 1/50, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிற அளவு) நான்கையும் பூட்டிவிடலாம். போன் 25ஐ ஏற்கவே இல்லையென்றால் 30 ஃபிரேமில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். பட்டை பெரும்பாலும் அடங்கும். ஆனால் அந்தப் படம் முழுவதும் 30தான். பாதி 25, பாதி 30 என்று கலந்தால் கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஒவ்வொரு ஷாட்டிலும் உதறல் தெரியும்.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப் போகும் என்பார்கள். போகும்தான். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/100, லென்ஸ் துவாரம் எஃப்16 சரியான வெளிச்சம். ஷட்டரை 1/50 ஆக்கி, பின்புலம் மங்க எஃப்2.8க்கு வந்தால் மொத்தம் 6 ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதை அடைக்க, வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும் என்டி64 ஃபில்டர் வேண்டும். போனில் துவாரம் மாறாது, ஆகவே அங்கும் கிளிப்பில் மாட்டும் என்டி ஃபில்டர்தான் வழி. ஃபில்டர் இல்லாத நாளில் ஷட்டரை ஏற்றி எடுங்கள். சூரிய ஒளியில் பட்டை வராது, அசைவு சற்று வெட்டுவெட்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடவே கூடாது. நாற்று நட்ட வயல் சட்டத்தை நிறைத்தால் ஆட்டோ அந்தப் பச்சையைக் குறைக்கப் பார்த்து, வரப்பில் நிற்பவர் முகத்தில் ஊதா ஏற்றிவிடும். பகலில் 5600 கெல்வின், மஞ்சள் பல்புக்கு 3200 என்று பூட்டுங்கள். வெளிச்ச அளவை முகத்துக்கும் வேட்டிக்கும் நடுவில் முடிவு செய்ய வேண்டும். வெளிச்சம் மிகும் இடத்தில் வரிகள் காட்டும் ஸீப்ரா கோடு கேமராவில் இருந்தால் 95இல் வைத்து, வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரியும் வரை இறக்குங்கள். கறுத்த முகம் கறுப்பாகவே இருக்கலாம். அதை வலிந்து வெளுப்பாக்கும் போனின் 'பியூட்டி' தேர்வை அணைத்துவிடுங்கள். வெயிலில் உழைத்த தோலின் மினுக்கம் அதில் அழிந்துவிடும்.

லாக் நிறத்தில் (பிறகு நிறம் சரிசெய்வதற்காக வெளிறிய சாயலில் பதிவாகும் முறை) எடுப்பதை முதல் வருடம் தள்ளிப் போடலாம். 8 பிட் கேமராவில் லாக் எடுத்தால் நிறம் சரிசெய்யும்போது வானத்தில் படிக்கட்டுப் போல் பட்டைகள் விழும்.

முதல் பயிற்சி: ஒரு தொழில், மூன்று நிமிடம்

முதல் படத்துக்குப் பேட்டியும் கதையும் வேண்டாம். தொடக்கமும் முடிவும் தானே அமைந்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். சுவாமிமலை வார்ப்பு அதற்கு மிகப் பொருத்தம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உரு செய்கிறார்கள், அதன்மேல் காவிரி வண்டல் பூசுகிறார்கள், காய்ந்தபின் சுட்டு மெழுகை வடிக்கிறார்கள், உலோகம் ஊற்றுகிறார்கள், மண்ணை உடைக்கிறார்கள், உளியால் சீர் செய்கிறார்கள். ஆறு கட்டம், எடிட்டிங்கில் வரிசை குழம்பாது. பட்டறைக்காரரிடம் முன்பே பேசி, வார்ப்பு என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு செய்யும் நாளும் ஊற்றும் நாளும் ஒன்றாக இருக்காது. இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து ஷாட்: கை மட்டும், முகம் மட்டும், கையும் முகமும் சேர்ந்து, இடம் முழுவதும், தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி அசையாமல் ஓட வேண்டும். மூன்று நிமிடப் படத்துக்கு 4 முதல் 5 விநாடி வீதம் ஏறக்குறைய 40 ஷாட் போதும். நீங்கள் எடுத்து வைப்பது 45 நிமிடம் வரை போகும். 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) எழுதும் 4கே கேமரா மணிக்கு 45 ஜிபி விழுங்கும். அதனால் 64 ஜிபி கார்டு ஒன்று போதும். கார்டில் வி30 குறி இருக்கிறதா என்று பாருங்கள்: தொடர்ந்து விநாடிக்கு 30 எம்பி, அதாவது 240 எம்பிபிஎஸ், எழுதும் என்பது அதன் உறுதி.

ஊற்றும் நேரம்தான் சோதனை. பட்டறை இருட்டு, உலோகம் கண்ணைக் கூசும் வெளிச்சம், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், இரண்டாம் டேக் கிடையாது. ஆட்டோவில் விட்டால் உலோகம் உருகும் பாத்திரமான மூசை வெளியே வந்ததும் கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முழு மேனுவல் வைத்து, மூசை உலையில் இருக்கும்போதே அளவைப் பிடியுங்கள். உலோகத்தின் நடுப்பகுதி மட்டும் வெளுத்துப் போகட்டும். ஊற்றுபவர் முகத்தில் அதன் செவ்வொளி விழுவது தெரிய வேண்டும். ஃபோகஸை அச்சின் வாயில் வைத்துப் பூட்டுங்கள். வெப்பக் காற்றும் புகையும் ஆட்டோ ஃபோகஸை அலைய விடும். ஒரு கேமரா ஸ்டாண்டில் அகலமாக நிற்கட்டும். கையில் உள்ளது நெருக்கமாகப் போகட்டும். இரண்டாவதாக ஒரு பழைய போன் இருந்தாலும் போதும்.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். அச்சில் ஈரம் தங்கியிருந்தால் நீராவி உலோகத்தைத் தெறிக்க வைக்கும். மூன்று மீட்டர் தள்ளி, ஊற்றுபவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். அவர் பின்வாங்கும் வழியில் ஸ்டாண்டின் கால் இருக்கக் கூடாது. பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே நல்லது.

கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டு விழும் இடங்களுக்கு அடியில் அதை ஓட்டினால்தான் ஒலி துண்டு துண்டாகக் கேட்காது. பலரும் மறப்பது இதைத்தான்.

இரண்டாவது: நாதஸ்வரம், தவில்

திருவையாற்றில் தை மாத ஆராதனைக் கூட்டத்தில் கேமராவோடு இடம் பிடிப்பதைவிட, ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு செட் வாசிப்பதை எடுத்துப் பழகுங்கள். நிற்கவும் நகரவும் இடம் இருக்கும்.

இந்த இசை அடைத்த கூடத்துக்கானதல்ல. தெரு முழுக்கக் கேட்க வேண்டிய இசை. கேமராவின் சொந்த மைக் இதைத் தாங்காது. முதல் உருட்டுச் சொல்லிலேயே ஒலி கிழியும், பிறகு ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயின் நாதஸ்வரத்தை உள்ளே அமுக்கிவிடும். தனி ரெக்கார்டர் அவசியம். நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே வைத்தால் காது கூசும் கூர்மை மட்டும் விழும். அணசு நோக்கும் திசையிலிருந்து சற்று விலகி, 2 முதல் 2.5 மீட்டர் தூரத்தில், உட்கார்ந்து வாசிப்பவர் முகத்தைவிட ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். தவிலில் விரல்கூடு விழும் வலந்தலை கூர்மையாகவும் குச்சி விழும் தொப்பி கனமாகவும் ஒலிக்கும். ரெக்கார்டர் வலந்தலைப் பக்கம் சாய்ந்தால் நாதஸ்வரத்தின் நுணுக்கம் மூழ்கிவிடும். ஆகவே நாதஸ்வரப் பக்கமே அரை மீட்டர் தள்ளி வைப்பது நல்லது.

கெயினை வாசிப்புக்கு முந்தைய சுருதி சேர்ப்பில் முடிவு செய்யாதீர்கள். தவில்காரரிடம் கேட்டு, தனி ஆவர்த்தனத்தில் அடிக்கும் பலத்தில் நாலு சொல் வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டிபியில் நிற்கும்படி வையுங்கள். ஆட்டோ லெவல் அணைந்திருக்க வேண்டும். மிகப் பெரிய ஒலி வீச்சைப் பதிவு செய்யும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டராக இருந்தால் எண்ணளவில் கிழியாது. ஆனால் மைக் தாங்கும் எல்லையைத் தாண்டினால் அதுவும் கிழியும். நெருக்கி வைக்க அதை உரிமமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்கினால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. தவில் தானே சத்தமாகக் கேட்பதால் அவர் மிக்சரில் அதைக் குறைத்துத்தான் வைத்திருப்பார். அந்த வயரில் வருவது சமநிலையற்ற ஒலி. துணைக்கு வாங்குங்கள், நம்பி இருக்காதீர்கள். வாங்கும்போது கேமராவின் மைக் துளையில் நேராகச் செருகினால் லைன் அளவு ஒலி கிழித்துவிடும். ஒலி அளவைக் குறைக்கும் வயர் வேண்டும்.

எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியதும் கேமராக்களுக்கு முன்னால் ஒரு கைத்தட்டல். அதன்பின் ரெக்கார்டரை நிறுத்தவே வேண்டாம். கேமராவில் 29 நிமிடம் 59 விநாடி எல்லை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டு, இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் நிற்காதபடி ஐந்து நிமிட இடைவெளியில் ஓட்டுங்கள். ஆடிக் காற்றில் திறந்தவெளி என்றால் மைக்குக்கு ரோம உறை போட்டே ஆக வேண்டும். காற்று மோதிய சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது.

மூன்றாவது: ஒரு சாகுபடி

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. கல்லணைக்குத் தண்ணீர் வந்து, வாய்க்கால் நிறைந்து, குறுவையோ சம்பாவோ அறுவடை வரைக்கும் ஒரே வயலைத் தொடர்வது நீண்ட வேலை. கற்றுத் தருவதும் மிக அதிகம். வரப்பில் ஒரு மூங்கில் முளை அடித்து, கேமரா உயரம், லென்ஸ் அளவு, பார்க்கும் திசையில் தூரத்துப் பனைமரம் சட்டத்தில் எங்கே நிற்கிறது என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் இருமுறை, அதே காலை நேரம், அதே சட்டம், 30 விநாடி. பழைய ஃபிரேம் ஒன்றைப் போனில் வைத்துப் பார்த்து ஒப்பிட்டால் போதும்.

டைம்லாப்ஸ் கணக்கு எளிது. 10 விநாடிப் படத்துக்கு 250 புகைப்படம். 50 நிமிட அந்திப் பொழுதைச் சுருக்க வேண்டுமானால் 3000 விநாடியை 250ஆல் வகுத்து, 12 விநாடிக்கு ஒரு படம்.

டிரோன் பறக்கவிட ஆசை வரும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. நகரைச் சுற்றிப் பறப்பதற்கு முன் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டல நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். பச்சை மண்டலத்தில் எல்லை 400 அடி. பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் தொல்லியல் துறையிடம் உள்ளவை. டிரோனுக்கு மட்டுமல்ல, ஸ்டாண்ட் வைப்பதற்கே அனுமதி வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களில் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

கம்ப்யூட்டர்

பாகம் வாங்குவதற்கு முன் உங்கள் கேமரா எழுதும் கோப்பைப் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), பிட் ஆழம், நிற விவரம் 4:2:0வா 4:2:2வா, ஃபிரேம் வீதம் நிலையானதா மாறுவதா, எல்லாம் தெரியும். இந்த ஒரு திரைதான் செலவை முடிவு செய்கிறது.

8 பிட் எச்.264 என்றால் சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். 10 பிட் 4:2:2 எச்.265 என்றால் கதை வேறு. அதைத் தானாகப் பிரித்துப் படிக்கும் சிப் எல்லாக் கிராபிக்ஸ் கார்டிலும் இல்லை; இன்டெலின் உள்ளமை கிராபிக்ஸில் 11ஆம் தலைமுறை முதல் இருக்கிறது. அதனால்தான் வீடியோக்காரர்கள் இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்துள்ள பிராசசரை ஒதுக்குகிறார்கள்: அதில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது.

தொடக்கத்துக்கு நிம்மதியான ஒரு செட்: ஐ5 12400 பிராசசர், 16 ஜிபி ராம் இரண்டு சேர்த்து 32 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 12 ஜிபி வகை, 650 வாட் பவர் சப்ளை. விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி. நடப்பு வேலைக்குத் தனியாக 1 டிபி என்விஎம்ஈ. முடிந்த வேலைகளுக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க். ராமை ஒரே குச்சியாக வாங்கினால் வேகம் குறையும், இரண்டாக வாங்குங்கள். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். நிரம்பினால் எழுதும் வேகம் சரியும். கிராபிக்ஸ் கார்டில் நினைவகம்தான் முக்கியம். 4 ஜிபி கார்டில் 4கே டைம்லைன் போட்டு இரண்டு எஃபெக்ட் வைத்தால் ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்து நின்றுவிடும்.

மானிட்டர் ஐபிஎஸ் வகை, எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பை முழுக்கக் காட்டக்கூடியது, 24 அங்குலம். இரவு மஞ்சளாக்கும் தேர்வை அணைத்துவிட்டுத்தான் நிற வேலையில் உட்கார வேண்டும்.

இனி டெல்டாவுக்கே உரிய விஷயம்: மின்சாரமும் ஈரமும். மேலே சொன்ன செட் முழு வேகத்தில் பிராசசருக்கு 117 வாட், கார்டுக்கு 170 வாட், மற்றதும் மானிட்டரும் 80 வாட் போல, மொத்தம் 370 வாட் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தரும். எக்ஸ்போர்ட் ஓடும்போது மின்சாரம் போனால் அதுவும் சேர்ந்து அணையும். 1000 விஏ வேண்டும். நல்ல பவர் சப்ளைகள் சைன் அலை மின்சாரத்தையே விரும்பும். மலிவான யூபிஎஸ்ஸின் சதுர அலையில் சில சமயம் கம்ப்யூட்டர் மறுதொடக்கம் ஆகிவிடும். வீட்டில் சைன் அலை இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறச் சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கோடு நெட் வயரையும் கழற்ற வேண்டும். பல மதர்போர்டுகள் கருகுவது அந்த வயர் வழியாகத்தான்.

லென்ஸில் பூஞ்சை பிடிப்பது மழைக்காலத்தில் நிச்சயம், நாகப்பட்டினம் பக்கம் கடல் உப்பும் சேரும். தோல் பையில் வைத்துப் பூட்டாதீர்கள். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் நல்லது. நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும். அதற்குப் பதிலாக அரிசியில் புதைப்பது வேண்டாம். தவிட்டுத் தூசு ஃபோகஸ் வளையத்துக்குள் போகும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழக விடுங்கள்.

டாவின்சி ரிசால்வ்: எதை முதலில் கற்பது

டாவின்சி ரிசால்வ் ஒரு எடிட்டிங் மென்பொருள். அதன் இலவசப் பதிப்பு போதும். 4கே வரை, 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் தரும். இரைச்சல் நீக்கம் போன்ற சிலவும், வன்பொருளை முழுக்கப் பயன்படுத்துவதும் பணம் கட்டும் ஸ்டூடியோ பதிப்பில் உண்டு. ஒரே தடவை கட்டினால் போதும். சில 10 பிட் கோப்புகள் இலவசப் பதிப்பில் திறக்காமல் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில், எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் வகையாக மாற்றினால் திறக்கும். 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் ரிசால்வை வற்புறுத்தாமல் ஷாட்கட் என்ற எளிய மென்பொருளில் தொடங்குங்கள்.

படி ஒன்று, புராஜெக்ட் செட்டிங்ஸில் மாஸ்டர் செட்டிங்ஸ் பக்கம் போய் டைம்லைன் ஃபிரேம் ரேட் 25 வையுங்கள். கோப்பு ஒன்றைக்கூட உள்ளே இழுப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். கோப்பு வந்தபின் அந்த எண் பூட்டிக்கொள்ளும், மாற்ற முடியாது. டைம்லைன் அளவு 1920க்கு 1080 போதும். 4கேயில் எடுத்ததை இதில் போட்டால் இரண்டு மடங்கு வரை நெருக்கிக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கும்.

படி இரண்டு, போன் கோப்புகளில் ஃபிரேம் வீதம் மாறுவது என்று மீடியாஇன்ஃபோ காட்டியிருந்தால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் தேர்ந்து, தர அளவான ஆர்எஃப்பை 18இல் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டில் போன் தானே ஃபிரேமைக் குறைப்பதுதான் ஒலி விலகலின் மூலம். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

படி மூன்று, பிராக்ஸி, அதாவது எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல். எல்லாக் கிளிப்பையும் தேர்ந்து, வலது கிளிக்கில் ஜெனரேட் பிராக்ஸி மீடியா. முன்பே செட்டிங்ஸில் அளவைப் பாதி என்றும் வகையை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்றும் வைத்திருங்கள். 1080 அளவில் மணிக்கு ஏறக்குறைய 16 ஜிபி ஆகும். இடம் கேட்கும், ஆனால் திக்கல் போய்விடும். புதுக் கார்டு வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதுதான். பிளேபேக் மெனுவில் பிராக்ஸிக்கு முன்னுரிமை தரும் தேர்வையும் பாருங்கள். அதை விட்டுவிட்டு பிராக்ஸி வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு.

படி நான்கு, ரெக்கார்டர் ஒலியைச் சேர்ப்பது. கேமராக் கிளிப்பையும் ஒலிக் கோப்பையும் சேர்த்துத் தேர்ந்து, ஆட்டோ சிங்க் ஆடியோவில் வேவ்ஃபார்ம். தவிலின் கூர்மையான அடிகள் இதற்கு மிக உதவும். பொருந்தாத கிளிப்பைக் கைத்தட்டலை வைத்துக் கையால் பொருத்துங்கள்.

படி ஐந்து, வெட்டுவது. எடிட் பக்கத்தில் மவுசைக் குறைத்து விசையால் பழகுங்கள். ஜே, கே, எல் பின்னும் நிறுத்தமும் முன்னும். ஐ, ஓ தொடக்கமும் முடிவும். கன்ட்ரோல் பி வெட்டு. பேக்ஸ்பேஸ் அழித்து இடைவெளி விடும். டெலீட் அழித்து மூடிவிடும். இந்த வேறுபாடு புரியாமல்தான் பின்னால் உள்ள ஒலி எல்லாம் நகர்ந்துபோகிறது. பயிற்சிக்கு ஒரு வழி: வார்ப்புக் காட்சிகளில் 20 ஷாட் மட்டும் எடுத்து, பின்னணி இசை இல்லாமல், உளிச் சத்தத்தின் தாளத்தில் 60 விநாடிக்கு வெட்டுங்கள். இசையைப் போட்டுவிட்டால் வெட்டு சரியில்லாதது காதில் படாமல் போகும். 50 ஃபிரேமில் எடுத்த கிளிப்பை மெதுவாக்க, கிளிப் ஆட்ரிபியூட்ஸில் அதன் வீதத்தை 25 ஆக்கினால் சுத்தமாகப் பாதி வேகம் வரும்.

நிறம்: திரையைவிட, வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாகக் காட்டும் ஸ்கோப்பை நம்புங்கள். முதல் நோடில் (நிற வேலையின் ஒரு படி) வெளிச்சமும் வெள்ளைச் சமநிலையும் மட்டும். இரண்டாம் நோடில் வயல் பச்சை. ஹியூ வெர்சஸ் சாட் வளைவில் பச்சையைத் தொட்டு சற்றே இறக்குங்கள். இளநாற்றின் பச்சை கேமராவில் ரசாயனச் சாயம் மாதிரி தெரிவது அப்போதுதான் அடங்கும். எஃபெக்ட் செய்யும் ஃபியூஷன் பக்கத்தை ஆறு மாதம் திறக்கவே வேண்டாம்.

ஒலியை ஃபேர்லைட் பக்கத்தில் முடிக்கிறோம். பேச்சு உள்ள படம் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டிபி. யூடியூப் அதைவிடச் சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. கச்சேரியை மட்டும் அந்த எண்ணுக்காக நசுக்க வேண்டாம். ஆலாபனை மெல்லத் தொடங்கி மேலேறுவதுதான் அதன் உயிர். மைனஸ் 18இல் நின்றாலும் நிற்கட்டும்.

தமிழ் எழுத்து

தலைப்பு போடும்போது 'கொள்ளிடம்' என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் க-வின் இருபுறமும் சரியாக உட்கார்ந்தால் அந்த எழுத்துருவும் அந்தக் கருவியும் பயன்படும். கொம்பு இடம் மாறினாலோ புள்ளிகள் தனியே மிதந்தாலோ, இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து டைம்லைனில் வைத்துவிடுங்கள். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் இந்தச் சிக்கல் வந்தால் பிரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்ஜினை தெற்காசிய வகைக்கு மாற்ற வேண்டும். ஸ்டூடியோக்களில் புழங்கும் பாமினி வகை எழுத்துரு யூனிகோடு அல்ல. அதில் அடித்த பெயரை வேறு எங்கு ஒட்டினாலும் குப்பையாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், சிறிய திரையிலும் தெளிவு.

எக்ஸ்போர்ட், காப்புப் பிரதி

டெலிவர் பக்கத்தில் எம்பி4, எச்.264, 25 ஃபிரேம். 1080க்கு 12 எம்பிபிஎஸ், 4கேக்கு 45. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் நசுங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கார்டிலிருந்து எடுத்த அன்றே இரண்டு இடத்தில் பிரதி. டெராகாப்பி என்ற மென்பொருளில் வெரிஃபை (சரிபார்ப்பு) தேர்வோடு பிரதி எடுத்து, அது முடிந்தபின்தான் கார்டை அழிக்கலாம், அதுவும் கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்து. ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதம், நாள் வரிசையில், ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ்ப் பெயரில் சில மென்பொருள்கள் தடுமாறும். மூன்றாவது பிரதி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கூரைகள் போயின. ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் இருந்தாலும் அது ஒரு பிரதிதான். திருச்சியிலோ சென்னையிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி ஓட்டிப் பாருங்கள். பல வருடம் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி தரவை இழக்கலாம் என்பதால் காப்பகத்துக்கு ஹார்டு டிஸ்க்கே ஏற்றது. ரிசால்வில் புராஜெக்ட் மேனேஜரில் ஆர்க்கைவ் செய்தால் வெட்டும் மூலக் கோப்பும் ஒன்றாக மூட்டையாகும். புராஜெக்ட் கோப்பை மட்டும் சேமித்தால் காட்சிகள் அதில் வராது.

படமெடுக்க இடம் கொடுத்தவருக்கு ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும். வித்வானுக்கும் பட்டறைக்காரருக்கும் இணைப்பைவிட பென் டிரைவ்தான் உதவும், வீட்டு டிவியில் செருகிப் பார்ப்பார்கள். எச்.264, 8 பிட், 1080, ஏஏசி ஒலி என்றால் பழைய டிவியிலும் ஓடும். பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, ஆகவே முழுக் கச்சேரியை உருப்படி உருப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ராகப் பெயரை வைத்து ஏற்றிக் கொடுங்கள்.